போடிமெட்டு ஏற எந்த கார்புரேட்டர்?

"போர் பண்ணின எஞ்சினுக்குப் பெரிய கார்புரேட்டர் போட்டாத்தான் மெட்டு ஏறும்." சின்ன வயதில் பெரியப்பா வாயிலிருந்து அடிக்கடி கேட்ட வாக்கியம். போடிநாயக்கனூரிலிருந்து பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன பெட்ரோல் ஜீப் அவருடையது. எஞ்சினைப் போர் பண்ணி, ஏதோ ஒரு காரின் பெரிய வாய் கார்புரேட்டரையும் மாட்டியிருந்தார். அப்புறமும் பாதி மலையில் கருப்புப் புகை, திணறல். அவர் சொன்னது சரியா என்று இத்தனை வருஷம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் எஞ்சின். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 134 கன அங்குல 'கோ டெவில்', 60 குதிரைத்திறன். 1953-இல் வந்த சிஜே-3பி மாடலில் 'ஹரிகேன்'. இந்த மாடலைத்தான் மஹிந்திரா இங்கே பல வருஷம் தயாரித்தது. கொள்ளளவு அதே 134 தான், ஆனால் இன்லெட் வால்வைப் பக்கவாட்டிலிருந்து மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனதில் திறன் 72 ஆனது. எஞ்சின் உயரம் கூடிப்போனதால்தான் அந்த ஜீப்பின் பானட் அப்படித் தூக்கலாக நிற்கும். அமெரிக்காவில் கார்ட்டர் கம்பெனியே பழைய டபிள்யூஓ மாடலுக்குப் பதிலாக ஒய்எஃப் மாடல் கார்புரேட்டரைக் கொடுத்தது. நம்மூர் ஜீப்புகளில் சோலெக்ஸ். மூச்சுவிடும் பாதை மாறினால் கார்புரேட்டரும் மாறும், அதில் தப்பில்லை.

ஆனால் போர் பண்ணுவது வேறு கதை. ஹரிகேனின் சிலிண்டர் விட்டம் 3.125 அங்குலம். 60 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது) கூட்டினாலும் 134 என்பது சுமார் 139 ஆகும். நாலு சதவீதம்தான்! அதற்கு எதற்குப் பெரிய வாய்?

கன அங்குலத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால், நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்று வரும். சிலிண்டர் எப்போதும் முழுசாக நிரம்பாது, 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4,000 சுற்றில் 124 கன அடி. ஆனால் கொண்டை ஊசி வளைவில் ரெண்டாவது கியரில் 2,000 சுற்றுதான் இருக்கும், அப்போது தேவை 62. வெஞ்சுரி பெரிசாக இருந்தால் அவ்வளவு குறைவான காற்று அதன் வழியே மெதுவாகத்தான் போகும். உறிஞ்சும் வேகம் போதாமல் பெட்ரோல் பொடிப்பொடியாகத் தெறிக்காமல் சொட்டாக விழும். மலை ஜீப்புக்குச் சின்ன வாய்தான் நல்லது என்பது என் கட்சி.

அடுத்தது உயரம். போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 வளைவுகளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறுகிறோம், காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறைகிறது. அப்படியானால் மிக்சரும் 10 சதவீதம் ரிச் ஆகும் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. காற்று லேசானால் வெஞ்சுரியின் உறிஞ்சலும் குறைந்து பெட்ரோலும் கொஞ்சம் குறைகிறது. வர்க்கமூலக் கணக்கு. கடைசியில் 5 சதவீதம்தான் ரிச். கீழே போடியில் சரியாக வைத்த ஜெட் மேலே போனால் பிளக்கைக் கருக்கத்தான் செய்யும், ஆனால் வண்டியை நிறுத்துகிற அளவுக்கு இல்லை.

அப்போ வண்டி நின்றது ஏன்? கருப்புப் புகையோடு திணறினால் ரிச் மிக்சர், அது பெரிய வாயின் வேலை. புகையே இல்லாமல் திடீரென்று அணைந்து, கால் மணி நேரம் ஆறவைத்ததும் ஒண்ணுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனால் அது வேப்பர் லாக். சூட்டில் ஃபியூவல் பம்ப்பிலும் பைப்பிலும் பெட்ரோல் ஆவியாகிவிடும். உயரம் கூடக்கூடக் கொதிநிலையும் இறங்கும் என்பதால் மலையில் ரெட்டைத் தொல்லை. பம்ப் மேலே ஈரத்துணி சுற்றுவது டிரைவர்கள் கண்ட வைத்தியம். பெரியப்பா வண்டியிலும் அந்தத் துணி இருந்தது. துணியை நனைக்க எனக்குத்தான் வேலை வரும். திட்டு மட்டும் எப்பவும் கார்புரேட்டருக்கு.

1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதும் விவாதமே வேறு பக்கம் திரும்பியது. எழுபதுகளில் டிராக்டர் டீசல் எஞ்சின், எண்பதுகளில் பூஜோ எக்ஸ்டிபி 2,112 சிசி டீசல் என்று ஜீப்புக்குள் வந்தன. கார்புரேட்டரே இல்லாத எஞ்சின்கள். காலையில் போடியிலிருந்து எல்லை தாண்டி ஏலக்காட்டு வேலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகள் பிற்பாடு டீசலாகவே ஆகிவிட்டன. பெரியப்பாவும் டீசலுக்கு மாறினார்.

கழற்றின கார்புரேட்டர் இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறதாம். அடுத்த முறை போடி போகும்போது வெர்னியர் எடுத்துப்போய் அதன் வெஞ்சுரியை அளக்கணும். 32 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரியப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும், கோபப்பட்டாலும் பரவாயில்லை.