மிளகாய்த்தூளும் அம்மாவின்ரை கடிதமும்

போன கிழமை இங்கை நல்ல குளிர். சனிக்கிழமை பின்னேரம் கூழ் காய்ச்சுவம் எண்டு செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தன். குசினி யன்னல் ரண்டையும் திறந்து விட்டும் புகை போகேல்லை. கதவிலை தட்டிக் கேட்டுது. திறந்தால் பக்கத்து வீட்டு ஜேர்மன் கிழவி இருமிக்கொண்டு நிக்கிறா. சண்டைக்குத்தான் வந்திட்டா எண்டு நினைச்சன். மனிசி கேட்டது வேறை. "இது உங்கட நாட்டுச் சாமானோ?"

ஓம் எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். பிறகு கூழைக் கிண்டிக்கொண்டு யோசிக்கத்தான் விளங்கிச்சுது, நான் சொன்னது பொய்.

யாழ்ப்பாணத்தான் எண்டால் உறைப்பு எண்டு ஊரெல்லாம் பேர். ஆனால் மிளகாய் எங்கட மண்ணிலை முளைச்ச சாமான் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492இல் கொலம்பஸ் அங்கை போய் இறங்கின பிறகுதான் அது கடல் தாண்டினது. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். 1505இல் போர்த்துக்கீசர் இலங்கைக்கு வந்தினம். 1560இல் யாழ்ப்பாணத்துக்குப் படை கொண்டு வந்து, மன்னாரைப் பிடிச்சுக்கொண்டினம். 1619இல் யாழ்ப்பாண அரசே அவையின்ரை கையிலை போனது. மேசை, யன்னல், பாண், ஏன் நான் நிண்டு கூழ் கிண்டின குசினி, எல்லாம் அவை விட்டுப்போன சொல்லுகள். மிளகாயும் அதே கப்பல்களிலைதான் ஆசியாவுக்கு வந்தது. கூழுக்கை போடுற மரவள்ளிக்கிழங்கும் தென்னமெரிக்காக்காரன்தான்.

அப்ப அதுக்கு முதல் எங்கட சனம் உறைப்புக்கு என்ன செய்தது? மிளகுதான். சங்கப் பாட்டுகளிலை "கறி" எண்டால் மிளகு எண்டுதான் அர்த்தம். பட்டினப்பாலையிலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவிலை குவிஞ்சு கிடந்த சாமான்களுக்குள்ளை மிளகு மூட்டையும் வருகுது, ஈழத்து உணவும் வருகுது. புதுசா வந்த காய்க்கு எங்கட ஆக்கள் வைச்ச பேரைப் பாருங்கோ: மிளகு + காய். மிளகு மாதிரி உறைக்கிற காய். பழசை வைச்சுத்தான் புதுசுக்குப் பேர் வைச்சிருக்கினம்.

இதிலை ஒரு பகிடி இருக்கு. லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் எண்ட ஜேர்மன் மருத்துவர் 1543இல் வெளியிட்ட மூலிகைப் புத்தகத்திலை மிளகாய்ச் செடியைப் படம் கீறி, அதுக்குக் கள்ளிக்கோட்டை மிளகு எண்டு பேர் போட்டிருக்கிறார். அவர் அது இந்தியாவிலையிருந்து வந்தது எண்டு நினைச்சார். ஆக, பக்கத்து வீட்டு மனிசி கேட்ட கேள்விக்கு அந்தக் காலத்திலேயே இந்த நாட்டிலும் பிழையான மறுமொழிதான் இருந்திருக்கு.

மிளகு எப்பிடி மிளகாயிட்டைத் தோத்தது? காரணம் நிலம்தான். மிளகுக்கு மழையும் நிழலும் வேணும். யாழ்ப்பாணத்திலை ரண்டும் குறைவு. மலையாளத்திலையிருந்தோ, இலங்கையின்ரை தெற்கு, மலைப்பக்கங்களிலையிருந்தோ காசு குடுத்து வாங்கவேண்டிய சாமான் அது. மிளகாய் அப்பிடியில்லை. செம்பாட்டு மண்ணிலை, கிணத்துத் தண்ணியை இறைச்சால் காய்ச்சுக் கொட்டும். முத்தத்திலை பாயைப் போட்டுக் காயவைச்சால் வருசம் முழுக்க வைச்சிருக்கலாம்.

பிறகு அதுவே எங்கட பொருளாதாரமாகவும் போச்சு. 1970இலிருந்து 1977 மட்டும் சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தினது. அந்தக் காலம் தோட்டக்காரனுக்குப் பொற்காலம். மிளகாய்க் காசிலை கல்வீடு கட்டினவை இருக்கினம், கொம்மாதிரி வீடு வளவெல்லாம் மீட்டவை இருக்கினம். தரப்படுத்தல் வந்து படிப்புக் கதவு பூட்டுப்பட்ட பெடியள் முத்தையன்கட்டு, விசுவமடு எண்டு வன்னிக்குப் போய் மிளகாய்த் தோட்டம் செய்தினம். 1977க்குப் பிறகு ஜே.ஆர். திறந்த பொருளாதாரம் எண்டு கொண்டுவர, வெளிநாட்டு மிளகாய் வந்து குவிஞ்சு விலை விழுந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. உரம் இல்லை, தண்ணி இறைக்க மண்ணெண்ணெய் இல்லை. செடியிலை மிளகாய் இருந்த காணியெல்லாம் வெறுங்காணியாக் கிடந்தது.

இனி அம்மாவின்ரை கடிதத்துக்கு வாறன்.

1993இல் எங்கட மூத்தவள் இங்கை பிறந்தாள். பிள்ளை பெத்தவளுக்குச் சரக்குக்கறி குடுக்கவேணும். செய்யத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் கிட்ட இல்லை. ஆஸ்பத்திரியிலை குடுத்தது குளிர்ப் பாணும் சீஸும். அம்மாவுக்கு எழுதிப்போட்டன். அவவின்ரை மறுமொழி, ஆரோ கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்த ஆளின்ரை கையிலை வந்து, அங்கையிருந்து தபாலிலை வந்து சேர மூண்டு மாதம் போச்சு. அப்ப மனிசி பத்தியமும் முடிச்சுப் பாணும் சாப்பிடத் துவங்கியிட்டா. அதிலை எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"மல்லி ரண்டு சுண்டு, மிளகு ஒரு சுண்டு, நற்சீரகம் ஒரு சுண்டு, மஞ்சள் விரலளவிலை நாலு, வேர்க்கொம்பு ரண்டு. கருகாமல் வறுத்து இடி. உள்ளி தாராளமாப் போடு. மிளகாய் கண்ணிலையும் காட்டாதை."

கடைசி வசனத்தை அப்ப நான் பெரிசா எடுக்கேல்லை. இப்பதான் யோசிக்கிறன். பிள்ளைப்பெத்தவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் எங்கட வீடுகளிலை குடுக்கிறது மிளகாய் வாறதுக்கு முந்தின சாப்பாடு. ஆடிப்பிறப்புக் கூழும் அப்பிடித்தான். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிவைச்ச அதே கூழ். வறுத்த பயறு, அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி; வாசத்துக்கு மிளகும் சீரகமும் ஏலமும். அதுக்கையும் மிளகாய் இல்லை. நாளாந்தக் கறிச்சட்டியை மிளகாய் பிடிச்சிட்டுது. நோயாளிக்கும் தாய்க்கும் நல்லநாளுக்கும் வைக்கிற சட்டியைப் பிடிக்கேல்லை. சரித்திரப் புத்தகம் இல்லாத எங்கட குசினி, தன்ரை பழைய காலத்தைப் பத்தியமா வைச்சுக் காப்பாத்தியிருக்கு.

இதை வைச்சு மிளகாயைத் தள்ளிவைக்கச் சொல்லேல்லை. நானூறு வருசத்துக்கு மேலை எங்களோடை இருந்திட்டுது. செத்தல் அரைச்சுவிடாமல் ஒடியல் கூழ் காய்ச்ச ஆராலை முடியும்? நண்டும் மீன்தலையும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் புளியும் எல்லாம் அந்த உறைப்புக்குள்ளைதான் ஒண்டு சேருது. எங்கையோ பிறந்து, எங்கட மண்ணிலை வேர்விட்டு, எங்களோடை ஜேர்மனி மட்டும் வந்திட்டுது. அதை அந்நியன் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. நானும் இங்கை வந்து வேர்விட்ட ஆள்தானே.

எனக்குள்ள கவலை வேறை. உறைப்புத்தூள் அழியாது. தமிழ்க்கடையிலை வறுத்த தூள், வறுக்காத தூள் எண்டு பைக்கற்றிலை கிடக்கு. சரக்குத்தூளைத்தான் எங்கட பிள்ளையளுக்குத் தெரியாது. அது சொல்லிக் குடுக்கிற ஆளோடை போயிடும்.

அம்மா இப்ப இல்லை. 1993இல் பிறந்த மூத்தவளுக்கு வாற தையிலை பிள்ளை. போன மாதம் ரெலிபோனிலை கேட்டாள், "அப்பா, அந்தத் தூள் எத்தினை கிராம்?" சுண்டு எண்டால் அவளுக்கு என்னெண்டு விளங்கும்? பால்பேணியை எங்கை தேடுறது? கடைசியிலை இப்பிடிச் சொன்னன்: எந்தக் கோப்பை எண்டாலும் பரவாயில்லை. மல்லி ரண்டு கோப்பை எண்டால் மிளகும் சீரகமும் ஒவ்வொரு கோப்பை. அவள் அதைத் ஜேர்மனிலை எழுதிக்கொண்டாள். மிளகாய் கண்ணிலையும் காட்டாதை எண்ட வரியை மாத்திரம் தமிழிலையே எழுதச் சொன்னன்.

இந்தமுறை நேரத்துக்குப் போய்ச் சேரவேணும். தூளை நானே இடிச்சுப் போத்திலிலை போட்டு வைச்சிருக்கிறன். உங்கட வீட்டிலை அம்மா, அம்மம்மா ஆரும் இருந்தால் இண்டைக்கே கேட்டு எழுதி வையுங்கோ.