துப்பாக்கி வேண்டாம், விளக்குப் போடுவோம்!

ஒரு நிமிடம் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் வெளியே ஒரு கூட்டத்தில் இருக்கிறீர்கள். வீட்டில் மனைவியும், பிறந்து பத்தே வாரமான பெண் குழந்தையும். நண்பர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து சொல்கிறார்... ‘உங்க வீட்டுல குண்டு போட்டுட்டாங்க!’

நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. ஆனால், போட்டவன் யாரென்று தெரியாது. நாளைக்கே மறுபடி வரலாம். ஊர் போலீஸோ உங்கள் பக்கம் இல்லை. என்ன செய்வீர்கள்? ‘முதல்ல ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் எடுக்கணும்’ என்றுதானே தோன்றும்?

மார்ட்டின் லூதர் கிங்குக்கும் அப்படித்தான் தோன்றியது!

ஆமாம், அதே கிங்தான். அகிம்சைக்காக 1964-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவரும் பிறக்கும்போதே அமெரிக்க காந்தியாகப் பிறந்துவிடவில்லை. 1956 ஜனவரியில் அவருக்கு வயது 27. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் ஒரு சர்ச்சின் பாதிரியார். முந்தைய டிசம்பர் 1-ம் தேதி, பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு சீட்டை விட்டுத்தர மறுத்து ரோஸா பார்க்ஸ் கைதானார். அடுத்த நான்காவது நாள் தொடங்கியது பஸ் புறக்கணிப்பு. தலைவர் பொறுப்பு, ஊருக்குப் புதிதாக வந்திருந்த இந்த இளைஞரின் தலையில் வந்து விழுந்தது. கூடவே, வீட்டு போனில் நாள் தவறாமல் கொலை மிரட்டல்கள்.

ஜனவரி 30, இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. மனைவி கொரெட்டாவும் ஒரு சிநேகிதியும் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசல் திண்ணையில் ‘தொப்’பென்று ஏதோ விழுந்த சத்தம். கொரெட்டா எட்டிப் பார்க்கப் போகவில்லை. சிநேகிதியோடு பின்பக்கம் ஓடினார். அந்தச் சில விநாடிகள்தான் அவர்களைக் காப்பாற்றின. திண்ணை பிளந்தது, முன்பக்க ஜன்னல்கள் தூள் தூளாயின. பின்னறையில் தூங்கிய குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை.

கிங் வந்து சேர்ந்தபோது, வீட்டு முன்னால் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள். சிலர் கையில் பாட்டில், சிலர் கையில் துப்பாக்கி. மேயரும் வந்திருந்தார். கறுப்பருக்கு எதிராகத் தொடங்கப்பட்ட வெள்ளையர் கவுன்சிலில் ஒரு வாரம் முன்புதான் சேர்ந்தவர் அவர்! கூட்டம் அவரையும் போலீஸையும் சும்மா விடும் மனநிலையில் இல்லை. உடைந்த திண்ணையில் நின்று கிங் பேசினார். ஆயுதம் கொண்டுவந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், பதிலுக்கு வன்முறை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

சரி, மேடையில் சொல்வது ஒன்று. ராத்திரி கதவைச் சாத்தியபின் வீட்டுக்குள் நடப்பது வேறு, இல்லையா?

அன்றிரவே கிங்கின் அப்பா அட்லாண்டாவிலிருந்து வந்துவிட்டார். கொரெட்டாவின் அப்பாவும் வந்தார். மகளையும் பேத்தியையும் கையோடு ஊருக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அவரும் சாதாரண ஆள் இல்லை. சொந்தமாக மரம் அறுக்கும் மில் வாங்கி, அது எரிக்கப்பட்டதைப் பார்த்தவர். பயம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொரெட்டா மறுத்துவிட்டார். கணவரோடுதான் இருப்பேன் என்றார்.

இருப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படி இருப்பது? நண்பர்கள் விடவில்லை. ‘ஆயுதத்தோடு காவல் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஆளாளுக்கு வற்புறுத்தினார்கள். கிங் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போய், காரில் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. குண்டுவீச்சுக்கு ஆளான குடும்பஸ்தருக்கே இல்லையென்றால் வேறு யாருக்குத்தான் கொடுப்பார்களோ!

ஆனால், வீட்டில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருந்தது. அதை என்ன செய்வது?

இங்கேதான் சரித்திரம் அதிகம் பேசாத அந்த உரையாடல் வருகிறது. புருஷனும் பெண்டாட்டியும் பல நாட்கள் இதைப் பற்றிப் பேசியதாக, 1958-ல் வெளியான தன் புத்தகத்தில் கிங் எழுதியிருக்கிறார். அகிம்சைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டு, சொந்தப் பாதுகாப்புக்கு மட்டும் ஆயுதம் வைத்துக்கொள்வது எப்படி நியாயம் என்பதே கேள்வி. கடைசியில், இருக்கிற ஒரே துப்பாக்கியையும் விட்டுவிடுவது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். ‘சேர்ந்து’ என்பதை கவனியுங்கள். குண்டு விழுந்தபோது வீட்டில் இருந்தது கொரெட்டாதான். அவர் சம்மதிக்காமல் அந்த முடிவுக்கு அர்த்தமே கிடையாது.

நண்பர்களைச் சமாதானப்படுத்த என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டைச் சுற்றிப் பெரிய மின்விளக்குகள் போட்டார்கள். ராப்பகலாக ஆயுதமில்லாத காவலாளிகளை வைத்தார்கள். ஊருக்குள் தனியாகச் சுற்றமாட்டேன் என்று கிங் வாக்குக் கொடுத்தார். துப்பாக்கி கையில் இருந்த நாட்களில்தான் தனக்கு அதிக பயமாக இருந்தது என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். அது போன பிறகு, ‘சாவேன்’ என்பதை நேருக்கு நேர் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதெல்லாம் ஒரே நாளில் நடந்த மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். பிப்ரவரியில் போராட்டத்துக்கு உதவ வந்த பேயார்ட் ரஸ்டின், உடன் வந்த பத்திரிகையாளர் நாற்காலியில் உட்காரப் போனபோது, ‘இரு, அதில் துப்பாக்கி கிடக்கிறது’ என்று தடுத்ததாகப் பிற்பாடு நினைவுகூர்ந்தார். அடுத்து வந்த க்ளென் ஸ்மைலிக்கு அந்த வீடு ஓர் ஆயுதக்கிடங்கு போலவே தெரிந்திருக்கிறது! கிங்கின் புத்தகத்தில் ஒரே ஒரு துப்பாக்கி. வந்து பார்த்தவர்கள் சொல்வதோ வேறு கணக்கு. காவலுக்கு வந்தவர்களின் ஆயுதங்களும் அதில் சேர்த்தியாக இருக்கலாம். முடிவு எடுப்பது ஒன்று, வீடு முழுக்க அது அமலுக்கு வருவது இன்னொன்று. சிகரெட்டை விட்டவர்களுக்கு இது புரியும்!

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தெற்கு மாநிலங்களில் எத்தனையோ கறுப்பினக் குடும்பங்கள் கட்டிலுக்கடியில் துப்பாக்கி வைத்திருந்தன. அது இல்லையென்றால் நாங்கள் உயிரோடு இருந்திருக்கமாட்டோம் என்றார்கள். 1964-ல் லூசியானாவில், ஆயுதம் தாங்கிப் போராளிகளைப் பாதுகாக்க ‘டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்’ என்று ஓர் அமைப்பே உருவானது. வீட்டைக் காக்க ஒருவன் ஆயுதம் எடுப்பதை கிங்கும் குற்றமென்று சொல்லவில்லை. போராட்டத்தின் கையில் அது இருக்கக்கூடாது என்பதே அவர் கட்சி.

381 நாட்கள் நீடித்த புறக்கணிப்பு வென்றது. 1956 டிசம்பர் 21-ம் தேதி பஸ்ஸில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார் கிங். அடுத்த மாதமே அதே திண்ணையில் மீண்டும் டைனமைட். இந்த முறை திரி அணைந்துபோயிருந்தது. 1958-ல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவரை, மனநிலை சரியில்லாத ஒரு பெண் நெஞ்சில் குத்தினார். 1968 ஏப்ரல் 4-ம் தேதி, மெம்ஃபிஸ் நகரில் தூரத்திலிருந்து பாய்ந்த ரைஃபிள் குண்டு அவரைச் சாய்த்தது. 1974-ல் அட்லாண்டா சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அவர் தாயாரும் சுட்டுக்கொல்லப்பட்டார்.

‘பார்த்தீர்களா, துப்பாக்கியை விட்டதால் வந்த வினை’ என்று சொல்லத் தோன்றும். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஆள் இல்லாதபோது திண்ணையில் விழுந்த குண்டு. கையெழுத்துக் கேட்டு நிற்பவர்களுக்கு நடுவிலிருந்து வந்த கத்தி. எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத ரைஃபிள் தோட்டா. பாக்கெட்டில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால், இதில் எதைத் தடுத்திருக்கும்?

கிங் தம்பதி 1959-ல் காந்தியின் நாட்டைப் பார்க்க ஆசையோடு இந்தியா வந்து, நம் கன்னியாகுமரி வரை போனார்கள். அந்தக் காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி 30. அதற்குப் பத்து நாள் முன்பு பிர்லா மாளிகையில் குண்டு வெடித்தும், பிரார்த்தனைக்கு வருகிறவர்களை போலீஸ் சோதனை போட அவர் சம்மதிக்கவில்லை. மாண்ட்கோமரி வீட்டில் குண்டு விழுந்ததும் ஒரு ஜனவரி 30.

கணவர் போனபிறகு நான்கு குழந்தைகளையும் வளர்த்து, அந்த இயக்கத்தையும் கடைசிவரை சுமந்த கொரெட்டா, 2006-ல் காலமானார். அதே ஜனவரி 30-ம் தேதி. குண்டு விழுந்து சரியாக ஐம்பது வருடம்.