நாழிகையும் நெஞ்சமும்

கடிகாரம் காட்டும் பொழுது ஒன்றாகவும் நெஞ்சம் உணரும் பொழுது வேறொன்றாகவும் இருப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். நமது முன்னோரும் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர்.

மிகச் சிறிய பொழுதை அளக்க அவர்கள் உடலையே கருவியாகக் கொண்டனர். கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமுமே மாத்திரையின் அளவு என்று தொல்காப்பியம் வகுத்தது. குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு. 'படம்' என்பதையும் 'பாடம்' என்பதையும் நம் வீட்டுச் சிறு பிள்ளையும் செவியாலேயே பிரித்தறியும்.

ஆனால், நெடிய பொழுதை உணர்வினிடம் ஒப்படைக்க அவர்கள் துணியவில்லை. ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். அதனை நீர் வட்டிலால் அளந்து அரசனுக்கு அறிவிக்க நாழிகைக் கணக்கர் இருந்தனர். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் இவர்களைப் பாசறையிலே காண்கின்றோம். அதே பாட்டில், போர்மேற் சென்ற தலைவன் வரவை எண்ணி அரண்மனையில் தலைவி வருந்தியிருக்கிறாள். வட்டிலின் கணக்கில் ஈரிடத்தும் இரவு ஒன்றே. அவள் நெஞ்சுக்கோ அது முடிவில்லா இரவு. பிரிந்தவர் வரவை எதிர்நோக்குவோர்க்கு ஒரே நாள் ஒரு வாரமாக நீண்டுவிடும் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. கடலுக்குப் போன வள்ளம் திரும்பும்வரை முகத்துவாரக் கரையில் நின்றவர் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

மேலைநாட்டார் 19ஆம் நூற்றாண்டில் இதனைச் சோதித்தறிய முற்பட்டனர். மனிதர் குறுகிய இடைவெளியைக் கூட்டியும் நெடியதைக் குறைத்தும் மதிப்பிடுகின்றனர் என்று 1868இல் ஜெர்மானிய அறிஞர் ஃபீரோர்ட் எழுதினார். 1890இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் மற்றோர் உண்மையை விளக்கினார். பொழுது போவதையே பார்த்திருப்பவனுக்கு அது நீளும். செயல் நிறைந்த பொழுதோ விரைந்து கழியும். பின்னர் நினைத்துப் பார்க்கையில் இது தலைகீழாகும். வெறுமையான காலம் சுருங்கும், நிறைந்த காலம் விரியும்.

ஆண்டு விழாத்தோறும், "ஓராண்டு ஓடிவிட்டதே!" என்று பெரியோர் வியக்கின்றனர். வாலிப அன்பர்களே! ஆண்டு ஓடுவது குறையன்று. திரும்பிப் பார்க்கையில் அதில் நினைக்க ஏதுமில்லையாயின் அதுவே குறை. நாழிகை எல்லோர்க்கும் ஒரே அளவினது. அதனை நிறைப்பது நம் கையில் உள்ளது. மன்றப் பணியிலும் கல்வியிலும் இறைவழிபாட்டிலும் அதனை நிறைப்போமாக.