கணினி தானாக மறுதொடங்குதல்

பயனரின் கட்டளையின்றி மேசைக் கணினி திடீரென நின்று மீண்டும் இயங்கத் தொடங்குவது தானாக மறுதொடங்குதல் எனப்படும். இது தனியொரு பழுதன்று. பல பழுதுகளுக்குப் பொதுவான அறிகுறியாகும். இதனால் சேமிக்கப்படாத கோப்புகள் இழக்கப்படும். வன்தட்டில் எழுதும்போது நிகழ்ந்தால் கோப்பு முறைமையும் சிதைவுறலாம். ஆகவே, சோதனைகளைத் தொடங்குமுன் முக்கியமான கோப்புகளைப் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

வகை பிரித்தறிதல்

மறுதொடக்கம் இயங்குதளத்தால் நிகழ்கின்றதா, வன்பொருளால் நிகழ்கின்றதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். விண்டோஸ், தன்னால் மீளவியலாத வழு நேரும்போது நீலத்திரையைக் காட்டிப் பின் தானே மறுதொடங்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி' அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற தெரிவை நீக்கினால் நீலத்திரை நிலைத்து நிற்கும்; அதிலுள்ள வழு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அதன் பின்னரும் நீலத்திரையின்றிக் கணினி மறுதொடங்கினால் வன்பொருளை ஐயுறலாம். பயாஸ் அமைப்புத் திரையில் இருக்கும்போதே மறுதொடங்கினால் இயங்குதளம் காரணமன்று.

வன்பொருட் காரணங்கள்

* மின்வழங்கி: 12 வோல்ட்டு இணைப்பில் 11.4 முதல் 12.6 வோல்ட்டு வரை ஏடிஎக்ஸ் தரம் ஏற்கிறது. மின்னழுத்தம் அளவுக்குக் கீழே சரிந்தால் மின்வழங்கி தனது 'பவர் குட்' குறிகையை நிறுத்தும். உடனே தாய்ப்பலகை செயலியை மீளமைக்கும். விளையாட்டு போன்ற மிகுசுமையின்போது மட்டும் பழுது தோன்றினால், நன்னிலையிலுள்ள வேறு மின்வழங்கியைப் பொருத்திப் பார்க்கலாம்.
* மின்தேக்கி: ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை தயாரான பல தாய்ப்பலகைகளில் குறைபாடுள்ள மின்பகுபொருளால் மின்தேக்கிகள் பழுதடைந்தன. மேற்புறம் உப்பியோ கசிந்தோ இருப்பது இதன் அடையாளம்.
* நினைவகம்: மெம்டெஸ்ட்86+ மென்பொருளால் சோதிக்கலாம். ஒரு பிழை காணப்பட்டாலும் நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்தல் வேண்டும்.
* வெப்பம்: தூசி படிந்த வெப்பமகற்றி, நின்றுபோன மின்விசிறி ஆகியவை காரணமாகலாம். எனினும், மிகுவெப்பத்தில் கணினி பெரும்பாலும் மறுதொடங்காமல் முற்றாக அணைந்துவிடும்.
* மீட்டமைப்புப் பொத்தான்: பொத்தான் சிக்கிக்கொண்டிருக்கலாம். அதன் கம்பியைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றி இதனை உறுதிசெய்யலாம்.

மென்பொருட் காரணங்கள்

பொருந்தாத சாதன இயக்கிகளால் நீலத்திரை தோன்றுவதுண்டு. அண்மையில் நிறுவிய இயக்கியை நீக்கிப் பார்த்தல் நன்று. நச்சுநிரல்களும் காரணமாகலாம். ஆகத்து 2003-இல் பரவிய பிளாஸ்டர் என்னும் புழு, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் 60 நொடி எண்ணிக்கையைக் காட்டி அவற்றை மறுதொடங்கச் செய்தது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது.

கவனிக்க வேண்டியவை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்தல் வேண்டும். பலவற்றை ஒருசேர மாற்றினால் உண்மைக் காரணம் புலப்படாது. உறுப்புகளைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். மின்வழங்கியின் பெட்டியைத் திறத்தல் கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் உள்ள மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம்.