இரும்பை நாட்டுப் பாலின் பரம்பரை

மரக்காணத்து உப்பளங்களுக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் ஆலயத்தைத் தன்னகத்தே கொண்ட இரும்பை, தொண்டை மண்டலத்துப் புராதன ஊர்களுள் ஒன்று. அங்கே அபிஷேகத்துக்குச் சொரியப்படும் பாலின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், சங்க நூல்களையும் மாட்டின் மரபணுக்களையும் ஒருங்கே வாசிக்க வேண்டியிருக்கிறது.

அறிஞர் பலர் மரக்காணமென்று கொள்ளும் எயிற்பட்டினத்தைச் சிறுபாணாற்றுப்படை வருணிக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையோ, விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையிற் சுமந்து சென்று விற்று, மோருக்குக் கிடைத்ததைக் கொண்டு சுற்றத்தாரை உண்பித்து, நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையும் நல்ல பசுவுமாகவே பெற்றுக்கொண்ட ஆய்மகளைக் காட்டுகிறது. ஈட்டியதைக் கறவையாகவே திருப்பிய அப்பெண்ணின் செய்கையில், இந்நாட்டு மாட்டு வம்சங்கள் தேர்ந்து வளர்க்கப்பட்ட முறையின் பழைய சாட்சியம் ஒன்றை நான் காண்கிறேன். பிற்காலத்துச் சோழரும் நந்தா விளக்கொன்றுக்கு 96 ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகளாகத் தானஞ்செய்து, நாள்தோறும் நெய்யளக்கும் பொறுப்பை இடையரிடம் ஒப்புவித்தனர்.

அந்த ஆய்மகள் உறை ஊற்றிய பானைக்குள் நிகழ்ந்தது என்ன? பாலில் கேசின் என்னும் புரதங்கள் நான்கு, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் தம்முள் பொதிந்துகொண்டு நுண்திரள்களாக மிதக்கின்றன. அவற்றுள் கப்பா கேசின் புறத்தே நின்று, திரள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. உறைமோரின் பாக்டீரியாக்கள் பாலைப் புளிக்கச் செய்ய, அக்காவல் தளர்ந்து, திரள்கள் கூடித் தயிராகின்றன. இந்நான்கின் மரபணுக்களும் பசுவின் ஆறாம் குரோமோசோமில் நெருங்கி அமைந்துள்ளன. பல்லிலும் எலும்பிலும் தாதுக்களைப் படியச் செய்யும் புரதங்களின் குலத்திலேயே கேசின்களும் தோன்றின என்பது, கன்றின் எலும்புக்குக் கால்சியம் சுமந்து வரும் அவற்றின் பணியை நோக்கும்போது உள்ளத்தை நெகிழ்விக்கிறது. பாலிலுள்ள ஆல்பா லாக்டால்புமினோ, கிருமிகளை அழிக்கும் லைசோசைமின் வழித்தோன்றல். முட்டையிட்டுப் பாலூட்டும் பிளாட்டிபஸ், முட்டைக்கருவுக்கு உரிய மரபணுவின் எச்சத்தையும் கேசின் மரபணுக்களையும் ஓருடம்பில் தாங்கி, பாலூட்டிகள் கடந்து வந்த பாதையை இன்றும் காட்டி நிற்கிறது.

பசுவுக்குப் பசு பாற்புரதம் பரம்பரையால் வேறுபடும் என்பதை 1955இல் இங்கிலாந்தின் ஆஸ்காபென்பர்க், ட்ரூரி என்னும் இருவர் பீட்டா லாக்டோகுளோபுலினைக் கொண்டு நிலைநாட்டினர். 1961இல் ஆஸ்காபென்பர்க் பீட்டா கேசினிலும் அவ்வேறுபாட்டைக் கண்டார். பீட்டா கேசினின் 209 அமினோ அமிலங்களுள் 67ஆவது இடத்தில் புரோலின் இருப்பின் அது ஏ2. ஹிஸ்டிடின் இருப்பின் ஏ1. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டுப் பசுக்களில் ஏறக்குறைய எங்கும் ஏ2 வடிவமே நிலவுவதை உறுதிசெய்தது. ஏ1 பெரிதும் ஐரோப்பிய மாட்டினங்களுக்கு உரியது.

அவ்வினங்கள் இங்கு வந்தது பாலின் அளவைப் பெருக்குவதற்காக. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் தசாப்தங்களில், ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகளின் வித்து சினை ஊசி வழியே கிராமந்தோறும் பரவிற்று; தமிழ்நாட்டுச் சமவெளிக் குடியானவர் வீட்டிலும் கலப்பினப் பசு இடம்பெற்றது. கூட்டுறவுச் சங்கத்திற்குப் பால் ஊற்றிக் குழந்தைகளைப் படிக்கவைத்த ஏழைத் தாய்மாரை எண்ணும்போது, அக்கலப்பைப் பிழையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அதன் வேகத்தில் நாட்டு மாடுகள் அருகிப்போனது பெருநஷ்டமே.

இப்போது ஏ2 என்ற எழுத்தே விக்கிரயப் பொருளாகிவிட்டது. ஏ1 பாலால் நோய் வரும் என்பதற்குக் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் கூறியது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, 2024 ஆகஸ்டில் அந்த எழுத்துக்களை உறைகளிலிருந்து நீக்கப் பணித்து, சில நாட்களிலேயே அவ்வாணையைத் திரும்பப் பெற்றது.

நாட்டுப் பசுவைக் காப்பதற்கு இத்தகைய விளம்பரம் வேண்டுவதில்லை. உக்கிரமான வெயிலைத் தாங்கி, காய்ந்த புல்லையும் வைக்கோலையும் மேய்ந்து வாழும் அதன் வலிமையே போதிய காரணம். வாசகர்கள் எழுத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதை விடுத்து, அப்பசுவை இன்னும் வளர்த்து வருபவருக்கு அவர் பாலுக்குரிய நியாயமான விலையைக் கொடுப்பார்களாக.