ராஜபாளையம் நாயும் மேகமலை வௌவாலும்

ராஜபாளையம்னு சொன்னதும் நம்மாளுங்க எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது நாய்தான். வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் மூக்கு, முறைப்பான பார்வை. 2005ல அரசாங்கம் தபால் தலையே வெளியிட்டுது. பக்கத்துல இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் மாதிரி, ராஜபாளையத்துக்கு நாய்.

நாய்னா கூடவே வர்ற பயம் ரேபிஸ். அந்தப் பயம் நியாயமானதும்கூட. உலகத்துல ரேபிஸால சாகிறவங்கள்ல 99 சதவீதம் பேருக்கு அது நாய்கிட்டேருந்துதான் வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 1907ல குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சதும் இதுக்காகத்தான். "தொப்புளைச் சுத்தி 14 ஊசி"ன்னு பெரியவங்க இன்னிக்கும் கதை சொல்வாங்களே, அது 1911ல கசௌலியில டேவிட் செம்பிள் உருவாக்கின தடுப்பூசி. ஆட்டு மூளையிலேருந்து தயாரிச்ச அந்த மருந்தை இந்தியா 2004 கடைசியிலதான் நிறுத்துச்சு.

ஆக, நூறு வருஷமா நம்ம கண்ணு முழுக்க நாய் மேலேயே. இந்தப் பதிவு, அந்த நேரத்துல தலைக்கு மேல பறந்துக்கிட்டிருந்த இன்னொரு ஜீவனைப் பத்தி.

முதல்ல கொஞ்சம் தூரமா, டிரினிடாட் தீவுக்குப் போயிட்டு வந்துடுவோம். 1925ல அங்கே மாடுகள் திடீர் திடீர்னு செத்து விழுந்துச்சு. கெட்டுப்போன தீவன விஷம்னு சொன்னாங்க. 1929ல மனுஷங்களும் சாக ஆரம்பிச்சாங்க. போலியோன்னு எழுதினாங்க. ஏன்னா யாரையும் நாய் கடிக்கலை! நாய் கடிக்காம ரேபிஸ் எப்படி வரும்? ஜோசப் லெனாக்ஸ் பவான்ங்கிற டாக்டர் செத்தவங்க மூளையை மைக்ராஸ்கோப்ல பார்த்து இது ரேபிஸ்தான்னு சொன்னார். 1931 வாக்கில ரத்தம் குடிக்கிற வௌவால்கள்தான் இதைப் பரப்புதுன்னும் நிரூபிச்சார். நோய் எப்பவோ வந்தாச்சு, தப்பான லேபிள் ஒட்டியிருந்ததால யாருக்கும் தெரியலை. அவ்வளவுதான்.

தப்பான லேபிள்னதும் நம்ம மலைக்கு வந்துடலாம். 1948ல மேகமலையில ஆங்கஸ் ஹட்டன்ங்கிறவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடிச்சார். ஏதோ சாதாரண வௌவால்னு லேபிள் ஒட்டி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோட சேகரிப்புல வெச்சுட்டாங்க. 24 வருஷம் கழிச்சு, 1972ல, தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தா, அது உலகத்துக்கே தெரியாத புது இனம். இனம் மட்டுமில்லை, பேரினமே புதுசு! சலீம் அலி பேரை வெச்சாங்க. அந்த மேகமலை இப்போ, 2021ல அறிவிச்ச ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துல இருக்கு.

அதே 1972ல வந்த வனவிலங்குச் சட்டம் மத்த பழந்தின்னி வௌவால்களுக்கு என்ன லேபிள் ஒட்டுச்சு தெரியுமா? எலி, காக்காயோட சேர்த்து, யார் வேணும்னாலும் கொல்லலாம்ங்கிற பட்டியல். சலீம் அலி வௌவால் மட்டும் பின்னாடி முதல் அட்டவணைக்குப் போய்த் தப்பிச்சுது. மத்ததுக்கு 2022ல சட்டத்தைத் திருத்தி அந்தப் பட்டியலையே எடுக்கிற வரைக்கும் இதே கதிதான்.

சரி, வைரஸுக்கு வருவோம். ரேபிஸ் தனி ஆள் இல்லை. லிஸ்ஸாவைரஸ்னு ஒரு பெரிய குடும்பத்துல ஒரு உறுப்பினர். 1956ல நைஜீரியாவுல லாகோஸ் வௌவால் வைரஸ் கிடைச்சுது. 1996ல ஆஸ்திரேலியாவுல பழந்தின்னி வௌவால்கள்ல ஒண்ணு கிடைச்சுது. அதுல 2025 வரைக்கும் நாலு பேர் இறந்திருக்காங்க. பிரிட்டன் 1987லேருந்து செத்துக் கிடக்கிற வௌவால்களைப் பொதுமக்கள் அனுப்பச் சொல்லி, ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணிக்கிட்டு வருது. யாரும் வௌவாலை வேட்டையாடலை. தானா செத்ததை மட்டும் பார்க்கிறாங்க. அதுலேயே ரெண்டு வகை வைரஸ் கிடைச்சுது.

இப்போ நம்ம பக்கத்து வீடு. 2016ல இலங்கையில ஒரு புது லிஸ்ஸாவைரஸைக் கண்டுபிடிச்சு அறிவிச்சாங்க. கண்டி பக்கம், பேராதனையை ஒட்டின கன்னொறுவங்கிற ஊர்ப் பேர்லயே கன்னொறுவ வௌவால் லிஸ்ஸாவைரஸ். மரபணுப்படி ரேபிஸுக்கும் ஆஸ்திரேலிய வைரஸுக்கும் நெருங்கின சொந்தம். எந்த வௌவால்ல கிடைச்சுது? இந்தியப் பழந்தின்னி வௌவால். நம்ம ஊர் ஆலமரத்துலயும் புளியமரத்துலயும் தலைகீழாத் தொங்கிட்டு, ராத்திரியில மாந்தோப்புக்கு வர்றதே, அதே இனம்தான்.

இந்தியாவுல? பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆளுங்க நாகாலாந்துல, பாரம்பரியமா வௌவால் பிடிக்கிற இடங்கள்ல ஆய்வு பண்ணி 2017ல வெளியிட்டாங்க. அதுவரைக்கும் இந்தியாவுல இதுக்கு முறையான கண்காணிப்பே நடந்ததில்லைன்னும் அதுலேயே எழுதியிருக்காங்க. 164 வௌவால் மூளையைப் பார்த்ததுல ஒண்ணுலகூட வைரஸ் இல்லை. ஆனா 78 ரத்த மாதிரிகள்ல நாலுல, ரேபிஸை முறியடிக்கிற எதிர்ப்பொருள் இருந்துச்சு. அதாவது அந்த நாலு வௌவாலும் எப்பவோ ரேபிஸையோ அதோட சொந்தக்கார வைரஸையோ சந்திச்சு, பிழைச்சிருக்கலாம். எதிர்ப்பொருள் இருந்தா அது இப்போ நோய் பரப்புதுன்னு அர்த்தம் இல்லை. ஆனா "இங்கே ஒண்ணுமே இல்லை"ன்னும் சொல்ல முடியாது.

நம்ம பொட்டி தட்டுற தொழில்ல ஒரு பழமொழி மாதிரி சொல்லுவோம்: பக் ரிப்போர்ட் வரலைன்னா பக் இல்லைன்னு அர்த்தம் இல்லை, யாரும் டெஸ்ட் பண்ணலைன்னும் இருக்கலாம் :-) டிரினிடாட்ல நடந்தது அதான்.

"அப்போ மரத்தை வெட்டி வௌவாலை விரட்டிடலாமா?"ன்னு யாராவது பின்னூட்டத்துல கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், கூடவே கூடாது. காட்டுல விதை பரப்புறதும், ராத்திரிப் பூக்களுக்கு மகரந்தம் கொண்டு போறதும் இதுங்கதான். தொங்கிட்டிருக்கிற வௌவால் மரத்துக்குக் கீழே நடந்து போறவனைக் கடிக்காது. கடி, கீறல் வாங்கறது அதைக் கையில பிடிக்கிறவங்கதான். விரட்டுறேன், வலை போடறேன், ஆஸ்துமாவுக்கு மருந்து, கறி சமைக்கிறேன்னு போறதுதான் ஆபத்தை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற வழி.

நாம செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. கீழே விழுந்து கிடக்கிற வௌவாலை வெறுங்கையால தொடாதீங்க, குழந்தைங்களுக்கும் சொல்லி வைங்க. கடிச்சாலோ கீறினாலோ சோப்பும் தண்ணியும் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் "வௌவால் கடிச்சது"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. சின்ன வௌவாலோட பல்தடம் கண்ணுக்கே தெரியாது. காயம் சின்னதா இருந்தாலும் வௌவால்னா தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் போடணும்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதல். நோய் முத்தினப்புறம் மருந்து இல்லை.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. செத்த வௌவாலை முறையா எடுத்து லேபுக்கு அனுப்ப ஒரு வழி. நாய்க்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே குன்னூர் கிடைச்சுது. மேகமலை வௌவாலுக்குச் சரியான பேர் கிடைக்கவே 24 வருஷம் ஆச்சு. அது சுமக்கிற வைரஸுக்கும் அவ்வளவு நாள் காத்திருக்க வேணாமே.