கண்ணாடி இல்லாத டிரெஸ்ஸிங் டேபிள்

போன வாரம் பார்த்த ஓக் மரப்பெட்டி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய கண்டிப்பான பியூரிட்டன் கிறிஸ்தவர்களின் சொத்து. கனத்த சட்டங்களுக்கு நடுவே பலகை கோத்து, மூட்டுகளை மர ஆணியால் இறுக்கிய பெட்டி அது. அதை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். அதே மாசசூசெட்ஸில், பாஸ்டன் துறைமுகத்தின் வசதியான வீடுகளுக்குள் 1700ஆம் ஆண்டை ஒட்டி நுழைந்தது ஒரு சின்ன மேசை. இரண்டரை அடி உயரம், மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். நடுவில் ஆழமில்லாத ஓர் இழுப்பறை, இரு பக்கமும் ஆழமான இரண்டு. கடைசல் பிடித்த நான்கு கால்கள், அவற்றைக் கீழே இணைக்கும் வளைந்த குறுக்குச் சட்டங்கள். இழுப்பறைகளில் இங்கிலாந்திலிருந்து வந்த பித்தளைப் பிடிகள் லோலாக்குப் போலத் தொங்கும்.

அலங்கார மேசைதான். ஆனால் அதில் கண்ணாடி கிடையாது. கண்ணாடி லண்டனிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். வந்ததைச் சுவரில் தனியாக மாட்டிக்கொள்வார்கள். நீதிபதி சாமுவேல் சூவல் 1720இல் மகள் ஜூடித்தின் கல்யாணத்துக்காக லண்டனுக்கு அனுப்பிய பட்டியல் இன்றும் இருக்கிறது. நம்மூர்ச் சீர்வரிசைப் பட்டியல் தோற்றுவிடும். கருவால்நட் சட்டமிட்ட ஒரு கண்ணாடி, ஐந்தாறு பவுண்டு விலையில், புத்தம்புது மோஸ்தரில் வேண்டும் என்கிறார். கூடவே அடைப்புக்குறிக்குள், அந்த மோஸ்தர் நன்றாக இருந்தால் என்று ஒரு நிபந்தனை! மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் 1692இல் நடந்த சூனியக்காரி வழக்குகளில் தீர்ப்பளித்தவர்களில் ஒருவர், பிறகு 1697இல் சபை நடுவே எழுந்து நின்று அதற்காக மன்னிப்புக் கேட்டவர் இவர். அப்படிப்பட்ட மனிதருக்கும் மகள் கல்யாணம் என்றால் மோஸ்தர் தேவைப்பட்டிருக்கிறது.

எளிமையிலிருந்து மோஸ்தருக்கு வந்த இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்ததல்ல. 1651இல் இதே மாசசூசெட்ஸ் சட்டசபை, 200 பவுண்டுக்குக் குறைவான சொத்துள்ளவர்கள் தங்க, வெள்ளிச் சரிகை அணியக் கூடாது என்று சட்டம் போட்டது. 1691இல் இங்கிலாந்தின் வில்லியம், மேரி அரச தம்பதி புதிய சாசனம் வழங்கியதும் ஓட்டுரிமைக்குத் திருச்சபை உறுப்பினராக இருக்கவேண்டிய கட்டாயம் போய், சொத்து தகுதியாயிற்று. வணிகர்களின் கை ஓங்கியது. இந்த மேசையின் பாணிக்கும் அந்தத் தம்பதியின் பெயரையே பிற்காலத்தவர் வைத்தார்கள்.

இனி இந்த மேசையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீருக்கு வருவோம். இன்று வெனீர் என்றாலே நமக்கு இளக்காரம். மலிவுப் பலகைக்கு மேல் ஒட்டிய ஏமாற்று வேலை என்போம். அன்றைய பாஸ்டனில் கதை நேர்மாறு. சட்டமும் பலகையும் கோத்துப் பழகிய பழைய தச்சனுக்கு இது கைவராத வித்தை. லண்டனில் தொழில் பழகி 1690களில் பாஸ்டனில் பட்டறை போட்ட ஜான் புரோகஸ் போன்றவர்கள் கொண்டுவந்தது.

வால்நட், மேப்பிள் மரங்களில் சில இடங்களில் கழலைபோல் புடைப்பு வளரும். அதை அறுத்தால் உள்ளே ரேகைகள் சுழன்று சுழன்று ஓடும். பார்க்க அழகு; ஆனால் பலம் கிடையாது. முழுப் பலகையாகப் போட்டால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். அதனால் அதைக் கைவாளால் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்ற கனத்துக்குத் தகடாக அறுத்தார்கள். இயந்திரம் இல்லாத காலத்தில் வாள் கொஞ்சம் கோணினாலும் தகடு பாழ். அடுத்தடுத்து அறுத்த தகடுகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து வைத்தால், இடப்பக்க ரேகை வலப்பக்கத்தில் திரும்பி நிற்கும். மேசையின் மேற்பலகையில் இப்படி நான்கு தகடுகள். சுற்றிலும் மீன்முள் வரிசையாக ஒரு பட்டை. அதற்கு வெளியே குறுக்கு ரேகையில் ஒரு கரை. தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ரப் பசையைச் சூடாகத் தடவி ஒட்டி, அழுத்தம் கொடுத்து, இறுகியபின் இழைத்து வார்னிஷ் பூசுவார்கள்.

உள்ளே இருப்பது சாதாரண வெள்ளைப் பைன். காட்டுக்குக் காடு வளர்ந்து கிடந்த மரம். அந்தப் பைன்தான் இன்று நிபுணர்களுக்குச் சாட்சி. இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பலகையைத் திருப்பினால் அமெரிக்க வெள்ளைப் பைனா, இங்கிலாந்துத் தச்சர்கள் போட்ட ஓக்கா என்று தெரிந்துவிடும். இழைப்புளி போன தடம் விரலில் தட்டுப்படும். முகப்பின் உட்புறத்தில் அடைத்த ஓட்டைகள் இருந்தால் பித்தளைப் பிடி மாறியிருக்கிறது. கால்கள் எப்போதும் சந்தேகத்துக்குரியவை. பெட்டியின் மூலைகளில் ஒட்டிய கட்டைக்குள் செருகிய வெறும் முளையில்தான் அவை நிற்கின்றன. தரையில் இழுத்தால் ஆட்டம் காணும். பிற்காலத்தில் கால் மாற்றப்படாத மேசை கிடைப்பது அரிது.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு தொடர்பு உண்டு. 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேல், 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். அவர் 1718இல் நியூ ஹேவன் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னர் படமும், ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். காலிகோவும் மஸ்லினும் இருந்த அந்தச் சரக்கு பாஸ்டனில் சுமார் 562 பவுண்டுக்கு விலைபோனது. கல்லூரி யேல் ஆனது. அந்தத் துணிக்குப் பணம் கொடுத்த வர்க்கமும் வால்நட் மேசை வாங்கிய வர்க்கமும் ஒன்றுதான்.

1730களில் வளைந்த கால்கள் வந்தன. குறுக்குச் சட்டம் போட்ட மேசை பழசாகிப் போயிற்று. அது மறுபடி மதிப்புப் பெறக் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு ஆனது. வாலஸ் நட்டிங் போன்ற சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 1924இல் அமெரிக்கக் கலைக்கென்றே தனிப் பிரிவு திறந்தது.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் மெட்ரோபாலிட்டனிலோ பாஸ்டன் நுண்கலை மியூசியத்திலோ இந்தக் காலத்து மேசை எதையாவது கண்டால், முகப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து நான்கு கால்களின் கடைசலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றில் ஒன்று மட்டும் வேறு கையாக இருக்க வாய்ப்புண்டு.

(தொடரும்)